வேதசாட்சியின் அக்கா

தேவாலயத்தில் முன்வரிசைக்கும் முன்னால் மெத்தை வைத்த நாற்காலி போட்டு உட்காரச் சொன்னால் யாருக்காவது கசக்குமா? அக்காவுக்குக் கசந்தது. வருஷக்கணக்காகப் பின்வரிசையில், கதவை ஒட்டிய தூணுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து பழகியவள் அவள். பூசை முடிந்ததும் முதல் ஆளாக வேலைக்கு ஓட அதுதான் வசதி. அப்படிப்பட்டவளைக் கையைப் பிடித்து அழைத்துப் போய்ப் பீடத்துக்கு எதிரே உட்கார வைத்துவிட்டார்கள். முதுகுக்குப் பின்னால் குசுகுசுவென்று பேச்சு. "அதோ, அவங்கதான். வேதசாட்சியோட அக்கா."

தம்பி சாமியார். கடல் கடந்து வேற்று தேசத்துக்கு வேதம் போதிக்கப் போனவனை அங்கே சுட்டுக் கொன்றுவிட்டார்கள். விசுவாசத்துக்காக உயிரைக் கொடுத்தவனுக்கு வேதசாட்சி என்று பேர். செத்தது என்னவோ தம்பி, பட்டம் மட்டும் அக்காவுக்கும் சேர்த்துக் கிடைத்தது. அவள் கேட்டது அது இல்லை. செத்துப்போன யாருக்கும், குடித்தே அழிந்தவனுக்குக்கூட, கோயிலில் வைப்பார்களே ஆன்ம இளைப்பாற்றிப் பூசை, அந்த ஒரு பூசையைத்தான் கேட்டாள். இறந்தவர்களோடு சேர்த்து அவன் பேரை வாசிக்க வேண்டும், அவன் பாவங்களை மன்னியும் என்று சாமியார் சொல்ல வேண்டும், தூணுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து அவள் அழ வேண்டும். அதைத்தான் தர மாட்டோம் என்றார்கள்.

அக்காவின் கதை ஆஸ்பத்திரியின் அடித்தளத்தில் ஓடிய கதை. அங்கேதான் சலவைக்கூடம். சன்னல் கிடையாது. மேலே எட்டு மாடி நோயாளிகளும் படுத்துப் புரண்ட விரிப்புகள் தள்ளுவண்டியில் இறங்கி வரும். ஆபரேஷன் அறைத் துணி தனி, பிரசவ வார்டு தனி, தொற்றுநோய் வார்டின் மஞ்சள் பை தனி. கையுறை போட்டுக்கொண்டு பிரித்துப் போடுவது அக்காவின் வேலை. விரிப்புக்குள் கத்தரிக்கோல் இருக்கும், ஊசி இருக்கும், ஒருமுறை யாருடைய பல்செட்டோ சிரித்தபடி வந்து விழுந்தது. பிரித்ததைப் பெரிய டிரம்மில் போட்டுத் துவைத்து, பிழிந்து, நீராவி உருளைக்குள் விட்டால் அந்தப் பக்கம் சுடச்சுட மடிப்பில்லாமல் வரும். அந்தப் பக்கம் நின்று பிடிப்பவள் உருளைக்காரி. அவள் வேறு சாமி கும்பிடுகிறவள், வாய்க்குப் பூட்டே கிடையாது. ஒரு விரிப்பின் இரண்டு முனையை இவளும் இரண்டு முனையை அவளுமாகப் பிடித்து மடித்து மடித்தே இருவருக்கும் தலை நரைத்தது.

ரத்தக்கறைக்குச் சுடுதண்ணீர் ஆகாது என்பது அந்தக் கூடத்தின் முதல் சட்டம். சூடு பட்டால் கறை துணியோடு ஒட்டிக்கொள்ளும், பிறகு ஆண்டவரே இறங்கி வந்தாலும் போகாது. முதலில் பச்சைத் தண்ணீரில் ஊறப் போட வேண்டும். அக்கா இதை யோசித்துச் செய்வதில்லை, ரத்தத்தைக் கண்டால் கை தானாகக் குழாயைத் திறக்கும்.

அவள் இந்த வேலைக்கு வந்ததே தம்பிக்காகத்தான். அப்பா சீக்கிரமே போய்ச் சேர்ந்துவிட்டார். அம்மா பள்ளிக்கூடத்துச் சமையலறையில் பாத்திரம் தேய்த்தாள். இரண்டு பிள்ளைகளில் ஒன்றைத்தான் படிக்க வைக்க முடியும் என்றானபோது, யாரும் சொல்லாமலே அக்கா புத்தகப் பையைக் கழற்றி வைத்தாள். தம்பி கெட்டிக்காரன். ஆனால் அவனைப் போல ஒரு பயந்தாங்கொள்ளியைப் பார்க்க முடியாது. நாய் என்றால் பயம், இடி என்றால் பயம், ஊசி என்றால் தெருவே கூடுகிற மாதிரி அலறுவான். இருட்டினால் கக்கூஸுக்குத் தனியாகப் போக மாட்டான். அக்கா கதவுக்கு வெளியே நின்று பாட வேண்டும். பாட்டு நின்றால் உள்ளேயிருந்து, "அக்கா, இருக்கியா?" என்று குரல் வரும். 

அவனைப் பழைய பங்குச் சாமியார் குருமடத்துக்கு அனுப்பியபோது அம்மாவுக்குக் கால் தரையில் நிற்கவில்லை. பிள்ளை சாமியாராகப் போகிறான்! அக்காவுக்கும் பெருமைதான், இல்லையென்று சொல்ல முடியாது. அவளுக்கு அப்போது இன்னொரு சந்தோஷமும் இருந்தது. சலவைக்கூடத்துக்கு நீராவி அனுப்புகிற பாய்லர்காரர் ஒருவர் இருந்தார். எண்ணி எண்ணிப் பேசுகிற மனிதர். தன் டீயில் பாதியை மூடி போட்டு அவளுக்கு வைத்துவிடுவார். "தம்பி பட்டம் வாங்கட்டும்," என்றாள் அக்கா. அவர் காத்திருந்தார். தம்பி குருப்பட்டம் வாங்கினான். அந்த வருஷமே அம்மாவுக்குப் பக்கவாதம் வந்து ஒரு பக்கம் இழுத்துக்கொண்டது. "தம்பி வந்து ஒரு முடிவு சொல்லட்டும்," என்றாள். தம்பியும் வந்தான், முடிவும் சொன்னான். தன்னை வெளிதேசத்து வேதபோதகத்துக்கு எடுத்திருக்கிறார்களாம்.

"அம்மாவை யாருடா பார்த்துக்கறது?"

"அதான் நீ இருக்கியேக்கா."

இதைச் சொல்லும்போது அவன் முகத்தில் கள்ளம் எதுவும் இல்லை. அதுதான் அக்காவுக்கு வயிற்றெரிச்சல். சூரியன் கிழக்கே உதிக்கிறது என்பதைப் போல, அக்கா இருக்கிறாள் என்பதும் அவனுக்கு ஒரு இயற்கை விதி. பாய்லர்காரர் இன்னும் கொஞ்ச காலம் பொறுத்துப் பார்த்துவிட்டு வேறிடத்தில் கல்யாணம் செய்துகொண்டார். அவரையும் குறை சொல்ல முடியாது. டீயில் பாதி மட்டும் இன்னும் சில நாள் பழக்கத்தில் வந்துகொண்டிருந்தது, அப்புறம் அதுவும் நின்றது.

அம்மா படுக்கையில் கிடந்த காலம் முழுவதும் அக்காவுக்கு ஆஸ்பத்திரியிலும் விரிப்பு, வீட்டிலும் விரிப்பு. கடைசிக் காலத்தில் அம்மாவுக்குப் பேச்சு குழறியது. ஆனால் ஒரு சொல் மட்டும் பளிச்சென்று வந்தது. அது தம்பியின் பேர். வாசல் பக்கம் பார்த்துப் பார்த்துக் கூப்பிடுவாள். துடைத்துவிட்டு, புரட்டிப் போட்டு, வாயில் கஞ்சியூற்றியவள் பக்கத்திலேயே இருந்தாள், அவள் பேரை ஒரு தடவை சொல்லியிருக்கலாம். அக்கா தொலைபேசியில் தம்பியைக் கூப்பிட்டாள்.

"இங்க பிள்ளைங்களுக்கு அம்மை பரவியிருக்குக்கா. கொத்துக் கொத்தா செத்துக்கிட்டிருக்கு. எப்படி விட்டுட்டு வருவேன், சொல்லு."

"அம்மா உன் பேரையே சொல்லிக்கிட்டிருக்கா."

"நான் பூசையில வேண்டிக்கறேன்."

அம்மா போனாள். அக்கா தன்னந்தனியாகக் குளிப்பாட்டி, உடுத்தி, மண் போட்டுவிட்டு வந்தாள். அதற்குப் பிறகு தம்பி கூப்பிட்டால் எடுப்பதில்லை. எடுத்து என்ன பேச? அவன் அங்கே செய்தது நல்ல காரியம் என்று அவளுக்குத் தெரியும். நல்ல காரியம் செய்கிறவன்மேல் கோபப்படுவதைப் போல ஒரு அவஸ்தை உலகத்தில் இல்லை. யாரிடம் சொன்னாலும், "உனக்கு மனசு சின்னது" என்பார்கள்.

ஒருநாள் மத்தியானம் சலவைக்கூடத்து மேற்பார்வையாளர் தன் கண்ணாடி அறைக்குள்ளிருந்து கை காட்டினார். அவளுக்குப் போன். இங்கே யார் கூப்பிடப் போகிறார்கள் என்று ஈரக்கையோடு எடுத்தாள்.

"அக்கா, வச்சுடாதே."

அவள் வைக்கவில்லை. அவன் மூச்சு வாங்குவது கேட்டது.

"துப்பாக்கி வச்சிருக்கவங்க வந்தாங்க. சிலுவையைக் கழட்டி வச்சுட்டு ஊரைவிட்டுப் போயிடுன்னு சொன்னாங்க. எங்க பள்ளிக்கூடத்து வாத்தியாரைப் பிடிச்சுட்டுப் போயிட்டாங்க. எனக்குப் பயமா இருக்குக்கா. நான் அங்க வந்துடட்டுமா?"

அம்மாவுக்கு வராதவன் இப்போது எதற்கு வருகிறாய் என்று கேட்க நாக்கு நுனி வரைக்கும் வந்தது. வருஷக்கணக்காகத் தீட்டி வைத்திருந்த கேள்வி. ஆனால் அந்தக் குரல் சாமியாருடையது இல்லை, கதவுக்கு உள்ளேயிருந்து "அக்கா, இருக்கியா?" என்று கேட்ட குரல். அவள் கேள்வியை முழுங்கினாள்.

"வாடா. வீடு அங்கேயேதான் இருக்கு."

அன்றைக்கு உருளைக்காரி, "என்ன, மூஞ்சி இப்படிப் பளபளக்குது? மாப்பிள்ளை கிடைச்சுட்டாரா?" என்று கேட்டாள். "தம்பி வர்றான்," என்றாள் அக்கா. அம்மாவின் அறையைத் திறந்து கழுவினாள். மெத்தையை வெயிலில் போட்டாள். தலையணைக்குப் புது உறை தைத்தாள். வந்ததும் அவனை உட்கார வைத்து, சாப்பாடு போட்டு, அவன் வயிறு நிறைந்த பிறகு ஒரு பாட்டம் திட்டித் தீர்த்துவிட வேண்டும், பிறகு மன்னித்துவிட வேண்டும் என்று மனசுக்குள் ஒத்திகை பார்த்துக்கொண்டே இருந்தாள். திட்ட வேண்டியதெல்லாம் வரிசையாகத் தயாராக இருந்தது.

வந்தது செய்திதான். பஸ் நிறுத்தத்தில் வைத்துச் சுட்டுவிட்டார்கள். உடம்பை அங்கேயே அடக்கம் செய்துவிட்டார்கள்.

இப்போதைய பங்குச் சாமியார் சுறுசுறுப்பான மனிதர். எதைச் செய்தாலும் பந்தல் போட்டுச் செய்கிற சுபாவம். செய்தி வந்த வாரமே பிரசங்கத்தில் கண்ணீர் மல்க முழங்கினார். "ஓநாய் வந்தது. ஆனால் நல்ல மேய்ப்பன் ஓடவில்லை! ஆடுகளோடு நின்றான்!" சிவப்பு உடுப்பு போட்டு நன்றிப் பூசை வைத்தார். வேதசாட்சிகளின் திருநாளுக்குத்தான் சிவப்பு. பாடகர் குழு புதுப் பாட்டே கட்டிவிட்டது. மெத்தை நாற்காலியில் அக்கா மரம் மாதிரி உட்கார்ந்திருந்தாள். பூசை முடிந்ததும் சாமியாரைத் தேடிப் போனாள்.

"சாமி, தம்பிக்கு ஒரு பூசை வைக்கணும்."

"இப்பத்தானே வச்சோம்! இன்னொண்ணு வேணுமா? தடபுடலா வச்சுடலாம்."

"தடபுடல் வேண்டாம் சாமி. செத்தவங்களுக்கு வைக்கிறது. இளைப்பாற்றிப் பூசை."

சாமியார் அவளை இரக்கத்தோடு பார்த்தார். "என்னம்மா பேசறீங்க? வேதசாட்சி நேரா மோட்சத்துக்குப் போனவர். அவருக்காக நாம வேண்டறதா? அவர்தான் நமக்காக வேண்டணும். அவருக்கு இளைப்பாற்றிப் பூசை வச்சா, நாமளே அவரை நம்பலைன்னு ஆயிடும்."

"அவன் என் தம்பி சாமி. அவன்மேல தப்பு இருக்கு."

"அதெல்லாம் ரத்தத்தால கழுவியாச்சும்மா."

ரத்தத்தால் எதையும் கழுவ முடியாது என்று ஒரு சலவைக்காரிக்கா தெரியாது? அவளுக்கு வேண்டியது சின்ன விஷயம். பாவம் செய்தவனைத்தான் மன்னிக்க முடியும். இவர்கள் அவனைப் பாவமே இல்லாதவனாக்கி மேலே ஏற்றி வைத்துவிட்டார்கள். இனி அவனை எங்கே பிடித்துத் திட்டுவது, எப்படி மன்னிப்பது? தயாரித்து வைத்ததெல்லாம் நெஞ்சிலேயே தங்கிவிட்டது. அதை இறக்கி வைக்க அவளுக்குத் தெரிந்த ஒரே இடம் அந்தப் பூசைதான். அவன் பயந்து கிளம்பி வர இருந்ததைச் சொல்லியும் மறுபடி மறுபடி போய்க் கேட்டாள். சாமியார் மறுபடி மறுபடி சிரித்து அனுப்பினார்.

சில மாதம் கழித்து, அந்தத் தேசத்திலிருந்து வந்த ஒரு கன்னியாஸ்திரி தம்பியின் பையை அவள் வீட்டில் கொடுத்துவிட்டுப் போனார். சுடப்பட்டபோது அவன் கையில் இருந்த பை. ஜிப்பைத் திறந்தாள். அவனுடைய எல்லா உடுப்பும் அதில் இருந்தது. துண்டு, செருப்பு, சவரக் கத்தி, சோப்பு டப்பா. ஒரு மனிதன் ஓரிடத்தைவிட்டு மொத்தமாகக் கிளம்பும்போது எடுத்துக்கொள்கிற எல்லாமும் இருந்தது. மேலே பிளாஸ்டிக் உறைக்குள் அன்றைக்குப் போட்டிருந்த சட்டை. மார்புப் பக்கம் முழுக்கக் கறுத்து, அட்டை மாதிரி விறைத்திருந்தது.

அக்கா வாளியில் பச்சைத் தண்ணீர் பிடித்தாள்.

ஊறப் போட்டாள். தண்ணீர் சிவந்தது. மாற்றிப் பிடித்தாள். சோப்பை நுரைத்து, கட்டை விரலால் வட்டமாகத் தேய்த்து, மறுபடி ஊறப் போட்டாள். தேய்க்கும்போதுதான் அழுகை வந்தது. செய்தி வந்தபோதும் வராத அழுகை, பாட்டுப் பாடினபோதும் வராத அழுகை. "எருமை, எருமை, முன்னாடியே கிளம்பியிருக்கலாம்ல?" என்று சட்டையைத் திட்டினாள். காயப்போட்டு எடுத்து, குண்டு துளைத்த ஓட்டையை உள்பக்கம் துணி வைத்து நுணுக்கமாகத் தைத்தாள். டாக்டர் கோட்டுகளைத் தைத்துப் பழகின கை. பிறகு இஸ்திரி போட்டு, காலர் நிற்க மடித்து வைத்தாள். அவன் உயிரோடு இருந்த காலத்தில் அவன் சட்டை அப்படி நின்றதில்லை.

பை வந்த சேதி பங்குச் சாமியாருக்கு எட்டாமல் இருக்குமா? அடுத்த ஞாயிறு படையோடு வந்து இறங்கினார். உள்ளே சிவப்பு வெல்வெட் விரித்த கண்ணாடிப் பெட்டியை இரண்டு பேர் தூக்கி வந்தார்கள். போட்டோக்காரர் வேறு. "வேதசாட்சியோட இரத்தம் தோய்ந்த அங்கி எங்கேம்மா?" என்றார் சாமியார், குரல் தழுதழுக்க. அக்கா அலமாரியைத் திறந்து வெள்ளை வெளேரென்று இருந்த சட்டையை நீட்டினாள்.

சாமியார் முகத்தில் ஈயாடவில்லை. "இது... இல்லம்மா, அந்தச் சட்டை. அன்னைக்குப் போட்டிருந்தது."

"அதேதான் சாமி."

"ரத்தம்?"

"போயிடுச்சு. பழசானதால ரெண்டு தரம் ஊற வைக்க வேண்டியதாப் போச்சு."

"குண்டு பட்ட ஓட்டை?"

"தைச்சுட்டேன்."

"ஐயோ, என்ன காரியம்மா பண்ணி வச்சிருக்கீங்க! உலகமே முழங்கால் போட்டு முத்தமிட வேண்டிய ரத்தம்மா அது!"

"ரத்தத்தோட துணியைத் திருப்பிக் கொடுத்தா எங்க வேலையில திட்டுவாங்க சாமி," என்றாள் அக்கா. அது பாதி உண்மை. அந்த ரத்தத்தைக் கண்ணாடிக்குள் வைத்து ஊர் பார்க்கக் கூடாது என்று அவள் நினைத்ததுதான் மீதி.

சாமியார் லேசில் விடுகிற ஆள் இல்லை. கொஞ்ச நேரம் தலையில் கை வைத்து உட்கார்ந்திருந்துவிட்டு, கண்ணில் திடீரென்று வெளிச்சம் வர நிமிர்ந்தார். "துவைச்ச தண்ணியை எங்கே ஊத்தினீங்க?"

"எங்க ஊத்துவாங்க? பின்னாடி சாக்கடையிலதான்."

அன்று சாயங்காலமே அவள் வீட்டுப் பின்பக்கம் கூட்டம். கரண்டி, டப்பா, மருந்து பாட்டில் என்று கைக்குக் கிடைத்ததோடு வந்து, சாக்கடை ஓரத்து மண்ணைச் சுரண்டிக் கொண்டு போனார்கள். ஒரு பெண்ணுக்கு மூட்டு வலி போனதாம். ஒருவருக்குப் போன வேலை திரும்பக் கிடைத்ததாம். சாக்கடைச் சுவரே சரிகிற நிலைமைக்கு வந்தது. உருளைக்காரி வந்து பார்த்துவிட்டு மூக்கில் விரலை வைத்தாள். "அடியம்மா! உங்க சாக்கடைக்கு வந்த வாழ்வைப் பாரேன்!" அக்காவுக்குச் சிரிப்பும் வந்தது, ஆத்திரமும் வந்தது. கழுவினதையும் விட மாட்டேன் என்கிறார்களே. கழுவின சட்டையும் கடைசியில் கண்ணாடிப் பெட்டிக்குத்தான் போனது. சாமியார் அதைப் பக்கப் பீடத்தில் வைத்தார், முன்னால் மெழுகுவத்தி எரிந்தது, ஜனங்கள் மண்டியிட்டார்கள்.

சில வருஷம் இப்படியே ஓடியது. அப்புறம் மேலிடத்திலிருந்து விசாரணை வந்தது. ஒருவரைப் புனிதர் என்று சபை அறிவிப்பதற்கு முன்னால் சாட்சிகளைக் கூப்பிட்டு, வேதபுத்தகத்தில் கை வைக்கச் சொல்லிக் கேட்பார்கள். அக்காவுக்கும் அழைப்பு வந்தது. முதல் நாள் பங்குச் சாமியார் வீட்டுக்கே வந்துவிட்டார்.

"பயந்தார், கிளம்பி வர இருந்தார்ங்கறதெல்லாம் சொல்ல வேண்டாமே. பொய் சொல்லச் சொல்லலைம்மா. கேட்டாத்தானே சொல்லணும்?"

"கேட்டா?"

"ஞாபகம் இல்லைன்னு சொல்லலாம். வயசாச்சு இல்லையா உங்களுக்கு?"

ஆயர் இல்லத்தின் மூலையில் ஒரு அறை. நீண்ட மேசை, மங்கலான விளக்கு, தட்டச்சு செய்ய ஒருவர். விசாரணைச் சாமியார் ஒல்லியான மனிதர், ஜலதோஷத்தோடு இருந்தார். கைக்குட்டையில் மூக்கைத் துடைத்துத் துடைத்து, ரேஷன் கடைக்காரர் மாதிரி சாவகாசமாகக் கேள்வி கேட்டார். அக்கா எல்லாவற்றையும் சொன்னாள். நாய்க்குப் பயந்தது, அம்மாவுக்கு வராதது, போனில் பயந்து கூப்பிட்டது, பையில் இருந்தது, எல்லாவற்றையும். சொல்ல முடிந்ததே என்று அவளுக்கே ஆறுதலாக இருந்தது.

"அவன் ஓடி வரத்தான் இருந்தான் சாமி. அவன் வேதசாட்சி இல்லை. அவனைச் சாதாரணமா செத்தவனா எனக்குத் திருப்பிக் குடுத்துடுங்க."

அவர் பேனாவைக் கீழே வைத்தார். "ஓடறது பாவம் இல்லைம்மா. ஒரு ஊர்ல துரத்தினா இன்னொரு ஊருக்குப் போங்கன்னு ஆண்டவரே சொல்லியிருக்கார். பயமும் பாவம் இல்லை. அவர் எப்படிச் செத்தார்ங்கறதுதான் கேள்வி. அதை உங்களுக்கு யாரும் சொல்லலையா?"

"பஸ் நிறுத்தத்துல சுட்டாங்கன்னு சொன்னாங்க."

"அங்க பஸ்ஸுக்கு நின்ன ஒரு அம்மா சாட்சி சொல்லியிருக்காங்க. துப்பாக்கிக்காரங்க இவரை மடக்கினாங்களாம். கழுத்துல இருக்கற சிலுவையைக் கழட்டி மிதிச்சுட்டு பஸ்ல ஏறிப் போயிடு, விட்டுடறோம்னாங்களாம். இவர் வெடவெடன்னு நடுங்கினாராம். அழுதாராம். ஆனா மிதிக்கலை."

அக்கா மேசைமேல் முன்னால் சாய்ந்தாள்.

"பஸ் வந்துடுச்சா?"

"என்னம்மா?"

"அப்ப பஸ் வந்து நின்னுக்கிட்டிருந்துச்சா?"

அவர் தாளைப் புரட்டிப் பார்த்தார். "ஆமாம். கதவு திறந்து நின்னுச்சுன்னு இருக்கு."

கதவு திறந்து நின்றிருக்கிறது. ஏறியிருந்தால் வந்திருப்பான். மெத்தை காய்ந்து தயாராக இருந்தது. இவன் இந்தத் தடவையும் வராமல் போனான். அன்றைக்குப் பிள்ளைகளுக்காக, இன்றைக்குச் சிலுவைக்காக. அக்காவுக்காக என்று ஒரு தடவையாவது? அவளுக்கு அங்கேயே மேசையைக் குத்த வேண்டும் போல வந்தது. அவன் உண்மையாகவே பெரியவன் என்பது அந்த நிமிஷத்தில் அவளுக்குப் புரிந்தது. புரிந்ததும் கோபம் இரண்டு மடங்கானது.

"கடைசியா ஒண்ணு," என்றார் விசாரணைச் சாமியார். "அவருக்கு இளைப்பாற்றிப் பூசை வச்சாங்களா?"

"கேட்டுக் கேட்டு அலுத்துட்டேன். வேதசாட்சிக்கு வைக்கக் கூடாதுன்னுட்டாங்க."

அவர் மூக்கைத் துடைக்க எடுத்த கைக்குட்டை அப்படியே நின்றது. சபை அறிவிக்கிற வரைக்கும் எவரும் இறந்துபோன ஒரு விசுவாசிதான், அவருக்காக வேண்டத்தான் வேண்டும், பீடத்தில் வைத்து வணங்கினால் விசாரணையே நின்றுபோகும் என்று அவர் சொல்லித்தான் அக்காவுக்குத் தெரிந்தது. மறுவாரம் அவரே நேரில் வந்து பக்கப் பீடத்தைப் பார்த்தார். கண்ணாடிப் பெட்டி, மெழுகுவத்தி, சாக்கடை மண் வைத்த டப்பாக்கள். எல்லாவற்றையும் எடுக்கச் சொல்லிவிட்டு, விசாரணையைக் காலவரையில்லாமல் தள்ளி வைத்துவிட்டுப் போனார்.

பழி முழுக்க அக்கா தலையில் விழுந்தது. வீட்டுக்கு வரவிருந்த புனிதரைத் திருப்பி அனுப்பியவள்! கூடப்பிறந்தவளே காட்டிக்கொடுத்தாள்! மெத்தை நாற்காலி மாயமாக மறைந்தது. காய்கறிக் கடையில் வரிசையில் நின்றால் பக்கத்தில் நின்றவர்கள் தள்ளி நின்றார்கள். உருளைக்காரிதான் அவளுக்காகத் தெருவில் நின்று சண்டை போட்டாள். "ஆமா, அந்த ஆளு பயந்தவர்தான். பயந்தா என்ன? நீங்கள்லாம் துப்பாக்கியைப் பார்த்தா கும்மியடிப்பீங்களா?" அவள் நல்லெண்ணத்தில் கத்தியதில், ரகசிய விசாரணையில் சொன்னதும் கேட்டதுமாக அக்கா அவளிடம் மட்டும் சொல்லியிருந்ததெல்லாம் ஊர் முழுக்கப் பரவியது.

பங்குச் சாமியார் வழியில் பார்த்து, "திங்கக்கிழமை முதல் பூசை. கேட்டீங்களே, வச்சுக்குங்க," என்று சொல்லிவிட்டு நிற்காமல் போனார்.

திங்கட்கிழமை கோயில் காலியாக இருந்தது. தூணுக்குப் பக்கத்தில் அக்கா, அவளை ஒட்டி எப்போது எழுந்திருப்பது எப்போது உட்காருவது என்று தெரியாமல் உருளைக்காரி. சாமியார், செத்தவர்களுக்கான பூசைக்குப் போடுகிற ஊதா உடுப்பில் வந்தார். ரயிலைப் பிடிக்கப் போகிறவர் போல வாசித்தார். தம்பியின் பேர் வந்தது. இறந்தவர்கள் வரிசையில், பட்டம் எதுவும் இல்லாமல், வெறும் பேர். "இவர் தம் பலவீனத்தால் செய்த குற்றங்களை மன்னித்தருளும்" என்றார். ஜனங்கள் பதில் சொல்ல வேண்டிய இடம் அது. அக்காவின் குரல் மட்டும் எழுந்து, அந்தப் பெரிய கூடத்தில் அவளுக்கே அந்நியமாகக் கேட்டது. 

மன்னித்துவிட வேண்டும் என்றுதான் வந்தாள். மனசைக் கூட்டி, "டேய்," என்று உள்ளுக்குள் ஆரம்பித்தாள். அம்மாவுக்கு வராததைச் சொன்னாள். திறந்து நின்ற பஸ் கதவைச் சொன்னாள். திட்டி முடிப்பதற்குள் பூசை முடிந்துவிட்டது. சாமியார் மெழுகுவத்தியை ஊதி அணைத்துவிட்டு உள்ளே போய்விட்டார். மன்னிப்பு பாதியில் நின்றது. ஆனாலும் இவ்வளவு வருஷத்தில் முதல் தடவையாக அவன் அவளுக்கு மட்டும் செத்தவனாக, அவளுடைய தம்பியாக, அரை மணி நேரம் இருந்தான். அது போதும் என்று எழுந்து வெளியே வந்தாள்.

படிக்கட்டில் ஒரு பெண் நின்றுகொண்டிருந்தாள். சின்ன வயசு, கசங்கிய உடை. ஆஸ்பத்திரி வாசனையை அக்காவின் மூக்கு கண்டுபிடித்துவிட்டது.

"நீங்கதானே அவரோட அக்கா?"

"மண்ணெல்லாம் இனிமே கிடையாதும்மா. சாமியாரே எடுக்கக் கூடாதுன்னுட்டார். அவன் புனிதன் கினிதன் எல்லாம் இல்லை. பயந்தாங்கொள்ளி."

"தெரியும்மா. அதுக்குத்தான் வந்தேன்." அந்தப் பெண் முந்தானையைத் திருகினாள். "என் பொண்ணுக்கு நெஞ்சுல ஆபரேஷன். ஊசியைப் பார்த்தாலே நடுங்கறா. மத்த புனிதர்கள்லாம் நெருப்புக்கும் சிங்கத்துக்கும் அஞ்சாதவங்க. அவங்ககிட்ட போய் என் குழந்தை பயப்படறான்னு சொல்ல எனக்கே கூச்சமா இருக்கு. உங்க தம்பி நடுங்கினாராமே? அவருக்குப் புரியும்ல? அவரைக் கூப்பிடலாமா?"

அக்காவுக்குச் சுள்ளென்று வந்தது. அரை மணி நேரம். அதற்குள் இதோ, படியிறங்குவதற்குள் இன்னொருத்தி வந்து கையை நீட்டுகிறாள். இந்த முறை அவனுடைய வீரத்தைக் கேட்கவில்லை. அவளிடம் மட்டும் மிச்சமிருந்த அந்தப் பயத்தைக் கேட்கிறாள். அதையும் கொடுத்துவிட்டால் அவளுக்கு என்னதான் இருக்கும்? பக்கத்தில் நின்ற உருளைக்காரி முதல் தடவையாக வாயை மூடிக்கொண்டிருந்தாள். அந்தப் பெண்ணின் கண் அக்காவின் முகத்தைவிட்டு நகரவில்லை.

"கூப்பிட்டுப் பாரு," என்றாள் அக்கா. "எங்கம்மா கூப்பிட்டா, வரலை. நான் கூப்பிட்டேன், பஸ் கதவு வரைக்கும் வந்துட்டு வரலை. உனக்காவது வரட்டும்."